லிம்மின் பாஸ்வேர்டில் திறந்த ஃபைல்

1988 ஆகஸ்ட், வெள்ளி இரவு

காலையிலிருந்தே ஆபிஸ் சர்வரில் கடகடவென்று சத்தம். பத்து மணிக்கு யாருக்கும் ஃபைல் சரியாகத் திறக்கவில்லை. டிஸ்க் பழுதாகிக்கொண்டிருந்தது. மேனேஜர் லிம் தன் பாஸ்வேர்டையே எழுதிக் கொடுத்து, கிடைப்பதையெல்லாம் காப்பி எடுக்கச் சொன்னார்.

அதில் எனக்கு இதுவரை திறக்காத ஃபைல்களும் திறந்தன. ஒன்று மட்டும் மூன்று முறை பாதியில் நின்றது. நான்காவது முறை வந்தது. முழுசாக வந்திருக்கிறதா என்று திறந்து பார்த்தேன். எங்கள் கம்பெனியின் பீடோர் தோட்டத்தில் வேலையை விட்டு நிறுத்தப்போகிறவர்களின் பட்டியல். அண்ணன் பெயரும் இருந்தது.

அந்த ஃபைல் கெட்டுப்போச்சு என்று சொல்லியிருந்தால் லிம் நம்பியிருப்பார். ஆனால் அதே பட்டியலை மறுபடி டைப் அடிக்க எத்தனை நேரம் ஆகும்? டிஸ்கெட்டைக் கொடுத்துவிட்டேன். மத்தியானம் டிஸ்க் அடியோடு நின்றது.

சாயங்காலம் அண்ணனே வீட்டுக்கு வந்தார். தோட்டம் கொடுத்த லயத்து வீட்டில் சமைக்கிற குசினிக்குக் கூரைத் தகரம் வாங்க ஈப்போ வந்தாராம்.

“மழைக்கு முன்னாடி கூரைய மாத்திடலாம்லா” என்றார்.

“இப்ப வேணாம் அண்ணே.”

“ஏன்மா?”

ஆபிஸ் விஷயம் எதையும் வெளியே பேசமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டவள் நான். தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே நின்றேன்.

“தோட்டத்தப் பத்தி ஏதாச்சும் பாத்தியா?”

நிமிராமல் தேத்தண்ணியை அண்ணன் முன்னால் வைத்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு தேத்தண்ணியை முழுசாகக் குடித்துவிட்டு எழுந்தார்.

“அண்ணிகிட்ட நான் பாத்துச் சொல்லிக்கிறேன். நீ என்கிட்ட ஒண்ணும் சொல்லல, சரியா?” என்றார்.