வீரபாகுவுக்குச் சுற்றிய திருஷ்டி

பிள்ளையார்பாளையம்,
மாசி மாதம், 1934

சிரஞ்சீவி தனசேகரனுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. காமாட்சி புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகம், ரங்கூனில் நீ எப்படி இருக்கிறாய் என்று உடனே பதில் போடு. அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது, மறுபடி தறியில் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் என்னவென்றால், நீ ராணி வேஷம் கட்டிய பழைய நாடகக் கொட்டகையைப் புதுப்பித்துத் திறந்துவிட்டார்கள். கூரை சரிந்து இத்தனை வருஷம் வைக்கோல் போட்டு வைத்திருந்தார்களே, அதைச் சீனிவாச முதலியார் வாங்கி ஓடு மாற்றி, மேடைக்குப் புதுப் பலகை அடித்து, எலக்ட்ரிக் விளக்கும் போட்டிருக்கிறார். அந்தத் தேக்குத் தூண்களை மட்டும் எண்ணெய் பூசி அப்படியே விட்டிருக்கிறார், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் வயிறு எரிகிறது. உன் ராணி வேஷத்தை அடுத்த வீட்டுக் கிருஷ்ணவேணி மகன் வீரபாகுவுக்குக் கொடுத்துவிட்டார்கள். சின்ன வயதில் மூக்கு ஒழுக நம் பாவு நூலை மிதித்துக்கொண்டு ஓடுவானே, அவன்தான். அவள் தெருவெல்லாம் என் பிள்ளை ராணி, என் பிள்ளை ராணி என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள். போதாததற்கு முதல் ஆட்டத்துக்கு நம் தறிப் புடவைதான் வேண்டும் என்று முதலியார் ஆள் அனுப்ப, அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்துவிட்டார்.

புடவை கொடுத்த வீட்டுப் பெண்தான் ராணிக்குத் திருஷ்டி சுற்ற வேண்டும், உனக்குத் தெரியாததா, உனக்கும் நான்தானே சுற்றினேன். உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு போனேன். அரக்குப் புடவையில் அவனைப் பார்த்ததும் ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. பெயர் சொல்லிச் சுற்றும்போது வீரபாகு என்று வாயில் வரவில்லை, தனசேகரன் என்று முணுமுணுத்துச் சுற்றிவிட்டேன். யார் காதிலும் விழவில்லை. அவன் ஆடினான், ஜனங்கள் கை தட்டினார்கள், நான் தட்டவில்லை. விடிந்தால் அவனுக்கு அனலாய்க் காய்ச்சல். கிருஷ்ணவேணி ஓடி வந்து, அக்கா, ஊர் கண்ணெல்லாம் புள்ள மேலயே நிக்குது, நீ சுத்திப் போட்டும் எறங்கலியே, இன்னொரு தரம் வந்து சுத்துக்கா என்று அழுதாள். என் மேல் அவளுக்குச் சந்தேகமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போய் அவன் பெயரைச் சொல்லியே சுற்றினேன். அந்தக் காய்ச்சலிலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, பெரியம்மா, அண்ணன் ராணியா சபைக்குள்ள எப்படிமா நடந்துகினு வரும், எனக்கு அது வரவே மாட்டேங்குது, ஜனங்க புடவையைப் பாத்துதான் கை தட்னாங்க என்றான். நான் பேசாமல் வந்திருக்கலாம். இந்த வயதில், அவர்கள் வீட்டுத் தறிக்கும் சுவருக்கும் நடுவில், உன்னைப்போலவே நடந்து காட்டினேன். கிருஷ்ணவேணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இப்போது காய்ச்சல் விட்டுவிட்டது, சனிக்கிழமை மறுபடி ஆடுகிறான்.

ஆனால் ஒன்று. ராணியாக ராஜ சபையை விட்டுப் போகும்போது கடைசியில் ஒரே ஒரு தரம் திரும்பிப் பார்ப்பாயே, கொட்டகையே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அதை மட்டும் நான் காட்டவில்லை. அதை அவனுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி, கண்ட இடத்தில் சாப்பிடாதே. நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இரு. சித்திரைக்குள் எப்படியாவது லீவு கேள். அவன் நடையைப் பிடித்துக்கொண்டான். திரும்பிப் பார்ப்பதையும் தானாகக் கண்டுபிடிப்பதற்குள் நீ வந்து சேர்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
நீலாம்பாள்