மாத்திரைக்கு ஒரு டம்ளர் டீ

கார்த்திகை, செவ்வாய் இரவு

ராணிக்கு இது ஆறாம் மாதம். இன்று ஆஸ்பத்திரியில் சோதித்தபோதும் ரத்தம் ஏறவில்லை.

"இரும்புச்சத்து மாத்திரை போடறீங்களா, இல்லையா?" என்று நர்சம்மா அதட்டினார்.

"தவறாமப் போடறேனுங்க. எங்க ஊட்டுக்காரரே டீ வெச்சு, மாத்திரையும் கையில குடுத்துருவாருங்க" என்றாள் ராணி பெருமையாக.

நர்சம்மா என் பக்கம் திரும்பினார். "டீயில முழுங்குனா அந்தச் சத்து உடம்புல சேராதுங்க."

இந்தக் குளிரில் பச்சைத் தண்ணீர் குடித்தால் பல் கூசுமே என்றுதான் டீ கொடுத்தேன். அதுவும் நான் வேலை செய்யும் டீ ஃபேக்டரியின் நல்ல தூள், சாயம் இறங்கக் கொதிக்கவைத்து.

வீடு திரும்பும் மஞ்சூர் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். சற்றுமுன் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து மாத்திரையோடு கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்தாள்.

"உங்க டீதானுங்க நல்லாருந்துச்சு" என்றாள்.

திட்டியிருந்தால் தூங்கியிருப்பேன்.