பட்டில் சுற்றிய மதர்போர்டு

சேசு மரி சூசை

ஆரணி,
5-3-1989, ஞாயிறு.

அன்பு மகன் அற்புதராஜுக்கு அப்பா பெரியநாயகம் சொல்லி எழுதுவது. நீயும் மருமகளும் பேத்தியும் பெங்களூரில் சுகமாக இருக்க மாதாவிடம் கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே நான் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி. அந்த வலி நாக்கு வரைக்கும் ஏறவில்லை, அதனால் வீடு வழக்கம்போல் இருக்கிறது.

கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குத் தெரிந்திருக்கும். எழுதுவது உன் தங்கை சகாயம்தான். எனக்கு எப்போதும் எழுதித் தரும் கோவில் உபதேசியார் தவக்காலத் தியானத்துக்கு வேலூர் போயிருக்கிறார். வேறு யாரையாவது பிடியுங்கள் என்று இவள் நழுவப் பார்த்தாள். கம்ப்யூட்டர் சமாசாரம் எழுத வேண்டும், இந்தத் தெருவில் வேறு யாருக்கு அந்தச் சொல்லெல்லாம் தெரியும் என்று உட்கார வைத்துவிட்டேன்.

நீ பஸ்ஸில் கொடுத்துவிட்ட பார்சல் பத்திரமாக வந்தது. மேலே சகாயத்தின் பெயரை எழுதியிருந்தாய். உள்ளே கடுதாசி ஏதாவது இருக்குமா என்று இவள் தேடினாள். அட்டைப் பெட்டியைத் திருப்பி உதறிக்கூடப் பார்த்தாள். இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுது என்றேன்.

இரண்டு வருஷமாக நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள், எனக்கு இஷ்டமில்லை, நான் வேலூரில் கம்ப்யூட்டர் படிக்கப் போகிறேன் என்று இவள் சொல்லிவிட்டாள். வந்தவர்கள் உன் கம்ப்யூட்டர் கம்பெனி மேனேஜருக்குச் சொந்தம். “இனிமே இவ விஷயத்துல நான் தலையிட மாட்டேன்” என்று அன்று நீ சொன்னாய். சொன்ன சொல்லை இந்த அளவுக்குக் காப்பாற்றுவாய் என்று நான் நினைக்கவில்லை. உன் அத்தை அடக்கத்துக்கு வந்தவன் கல்லறையிலிருந்தே பஸ் ஏறிவிட்டாய். சக்கரவர்த்தி முதலாளியின் பட்டுக் கடைக்கு இவள் ஒரு கம்ப்யூட்டர் சேர்த்துக் கட்டித் தரப் போகிறாள், மற்ற சாமான் எல்லாம் மெட்ராஸில் கிடைத்துவிட்டது, மதர்போர்டு மட்டும் நல்லதாக அமையவில்லை என்று போன கடிதத்தில் உனக்குச் சொல்லியிருந்தேன். அதற்கு நீ பதில் எழுதவில்லை. பொருளையே அனுப்பிவிட்டாய்.

அது எப்பேர்ப்பட்ட பொருள் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் நான் பார்த்ததை நான் சொல்ல வேண்டும்.

கறுப்புக் கவரிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். கோவிலில் வாசகம் வாசிக்கும் பெரிய புஸ்தகத்தைத் திறந்து வைத்த அளவு. இளம் வாழையிலைப் பச்சை. அதன் மேல் செம்புக் கோடுகள் ஓடுகின்றன பார், அதில்தான் என் கண் நின்றது. அறுபது வருஷமாக இழை பார்த்த கண். எத்தனை கோடு, ஒன்றாவது இன்னொன்றின் மேல் ஏறவில்லை. குறுக்கே போக வேண்டிய இடத்தில் ஒரு சின்னத் துளையில் இறங்கி, பலகைக்கு அடியில் போய், அப்பால் ஏறி வருகிறது. இதைப் போட்டவன் யாரோ தைவான்காரனாம். அவன் ஆரணியில் பிறந்திருந்தால் முள்ளிப்பட்டுத் தறிக்காரர்கள் அவனைச் சும்மா விட்டிருக்க மாட்டார்கள்.

நடுவில் சதுரமாக உட்கார்ந்திருப்பதை மூளை என்றேன். அது பிராசஸர், டூ எய்ட்டி சிக்ஸ் என்று திருத்துகிறாள். அதன் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. உடைந்து விழுந்துவிட்டதோ என்று பயந்தேன். இல்லையாம். பெரிய பெரிய கணக்குப் போடுவதற்கென்று தனியாக ஒரு சில்லு உண்டாம், என்றைக்காவது வாங்கினால் உட்காரட்டும் என்று அதற்கு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்களாம். ஓரத்தில் நீள நீளமாக வரிசையாகப் பள்ளங்கள். இப்போதைக்கு இரண்டு மூன்றுக்குத்தான் வேலை. மற்றதெல்லாம் இனி வரப்போகும் அட்டைகளுக்கு. எந்த அட்டை வரும் என்று செய்தவனுக்கே தெரியாது, ஆனாலும் இடம் விட்டிருக்கிறான். இந்தப் பெருந்தன்மை எனக்கு மிகவும் பிடித்தது.

மூலையில் நீல நிறத்தில் ஒரு குட்டி பேட்டரி. கரண்டு போனாலும் அது மணியையும் தேதியையும் விடாமல் எண்ணிக்கொண்டே இருக்குமாம். நம் ஊர்க் கரண்டுக்கு இதைவிட என்ன வேண்டும். ஆனால் மெமரி என்று இருக்கிறதே, அந்தக் கறுப்புச் சில்லு வரிசை, அது மட்டும் கரண்டு போனதும் எல்லாவற்றையும் மறந்துவிடுமாம். காலையில் போட்டால் புதிதாகத் தொடங்குமாம். நான் நெய்த முதல் சேலையின் முந்தானைக் கட்டம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை, இது என்ன ஞாபகம் என்றேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து, “அந்தப் பொட்டிக்காவது மறக்கத் தெரியுதே. இந்த வூட்ல ஒருத்தருக்கும் அது வரல” என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பதறாமல் கேள்.

முதலாளி கடையில் ஒரு வழக்கம். புதிதாக எது வாங்கினாலும், தராசாக இருந்தாலும் மின்விசிறியாக இருந்தாலும், வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்த பிறகுதான் கை வைப்பார்கள். கம்ப்யூட்டரில் முக்கியமானது எது என்று கேட்டார். மதர்போர்டு என்று இவள் சொன்னாள். தாய்ப் பலகையா, அப்படியானால் அதைக் கொடும்மா என்று வாங்கிக்கொண்டார். கவரோடு வையுங்கள் முதலாளி, வெளியே எடுக்காதீர்கள் என்று இவள் சொல்லித்தான் கொடுத்தாள். நானும் கூட இருந்தேன்.

திங்கட்கிழமை கவரோடு திரும்பி வந்தது. கடையின் பின்கட்டில் வைத்து இவள் எல்லாவற்றையும் பொருத்தினாள். முதலாளி, அவர் மருமகன் பன்னீர்செல்வம், கணக்குப்பிள்ளை எல்லோரும் நின்றார்கள். சுவிட்சைப் போட்டாள். டிவி மாதிரி இருக்கிற பெட்டியில் ஒன்றும் வரவில்லை. உள்ளேயிருந்து பீப், பீப், பீப் என்று மூன்று தரம் கத்திவிட்டு ஓய்ந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதே மூன்று.

பன்னீர்செல்வத்துக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் மனம் இல்லை. மெட்ராஸ் கம்பெனிக்காரன் ரெடியாகக் கொண்டுவந்து இறக்கித் தருவதாக அவரிடம் சொல்லியிருக்கிறான். “பாத்தீங்களா மாமா, நான் அப்பவே சொன்னேன். பேஜார் புட்ச்ச வேலை. ஜல்தியா மெட்ராஸ்காரனுக்கு ஒரு போன் போடுங்க” என்றார். சகாயத்தின் முகத்தை நான் பார்த்தேன். மெட்ராஸ்காரனைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. அண்ணன் அனுப்பியது என் கையில் செத்துப்போய்விட்டதே என்பதுதான் அந்த முகத்தில் இருந்தது. இதையும் எழுத மாட்டேன் என்கிறாள். நான் பார்த்ததுதானே, எழுது.

மூன்று என்று விரல் விட்டு எண்ணினாள். பிறகு, “சாவலப்பா. செத்திருந்தா சத்தமே வராது. மூணு தரம் கத்தினா மெமரில கோளாறுன்னு அர்த்தம். எங்க வலிக்குதுன்னு அதுவே சொல்லுது” என்றாள்.

அற்புதராஜ், அங்கேதான் நான் அந்தப் பலகையைக் கையெடுத்துக் கும்பிட்டேன். வாய் இல்லை, கண் இல்லை, திரையில் ஒரு எழுத்துப் போடக்கூடத் தெம்பு இல்லை. ஆனாலும் தன் நோவு எந்த இடத்தில் என்று சொல்லத் தெரிந்திருக்கிறது. ஒரு கோளாறுக்கு ஒரு எண்ணிக்கையாம். செய்யும்போதே இது ஒருநாள் நோகும் என்று நினைத்து, அப்போது சொல்வதற்கு ஒரு வழியும் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

நல்ல சில்லு எப்படிக் கெட்டது என்று இவளுக்குப் புரியவில்லை. வெள்ளிக்கிழமை எங்கே வைத்தீர்கள், தண்ணீர் பட்டதா, குங்குமம் கொட்டியதா என்று முதலாளியிடம் கேட்டாள்.

“தண்ணியா? இன்னாம்மா நீ. அந்தக் கருப்புக் கவர் துக்க வூட்டுத் துணியாட்டம் இருந்துச்சு. அத்தப் போயி சாமி முன்னால வெப்பாங்களா? எடுத்துட்டு, நம்ம கடையிலயே ஒசந்த அசல் பட்டு, அந்தத் துண்டால நல்லா பளபளன்னு தொடச்சு, அதுலயே சுத்தி வெச்சேன். ஞாயித்துக்கிழமை எடுக்கசொல்ல விரல்ல சுருக்குன்னுது. சாமி எறங்கிச்சுன்னு கன்னத்துல போட்டுகினேன்” என்றார்.

சகாயம் தலையில் கை வைத்துக்கொண்டாள். மாசிக் காற்று எப்படிக் காய்ந்து அடிக்கிறது என்று உனக்குத் தெரியும். இந்த மாதத்தில் பட்டு இழை கையோடு ஒட்டிக்கொண்டு வரும், உதறினால் படபடவென்று பொறி தெறிக்கும், அதற்காகத்தான் தறிக்கடியில் தண்ணீர் தெளிக்கிறோம். அந்தப் பொறி நமக்குச் சுருக்கென்று குத்துகிற அளவுதான். இந்தச் சில்லுக்கு அது இடி விழுந்த மாதிரியாம். கடையில் நின்ற அத்தனை பேரும் பட்டில் பிறந்து பட்டில் வளர்ந்தவர்கள், என்னையும் சேர்த்து. ஒருவருக்கும் தோன்றவில்லை. உயர்ந்த பொருளை உயர்ந்த துணியில் சுற்றுவதுதான் நமக்குத் தெரிந்த மரியாதை.

முதலாளி விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “அப்ப எறங்கினது சாமி இல்லியா” என்றார். பன்னீர்செல்வமே சிரித்துவிட்டார்.

அடுத்ததாக இவள் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த மெமரிச் சில்லுகளை ஈயம் வைத்து ஒட்டாமல், கழற்றி மாட்டுகிற மாதிரி குழியில் உட்கார வைத்திருக்கிறார்கள். முதலாளியையே தரையெல்லாம் ஈரத்துணி போடச் சொன்னாள். உடம்பில் பொறி தங்காமல் இருக்கக் கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டியைத் தொட்டுத் தொட்டு, முதல் வரிசையைப் பிடுங்கினாள். கடைசி வரிசையில் இருந்ததைக் கொண்டுவந்து முதல் வரிசையில் அழுத்தினாள். ஒரு சின்ன ஊசி மாதிரி இருப்பதை மாற்றிக் குத்தினாள், இனி பாதி ஞாபகம்தான் என்று பலகைக்குச் சொல்வதற்காம். நீ சின்ன வயதில் வால்வு ரேடியோவைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாயே, அதே மாதிரி நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு செய்தாள். நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் நீயேதான்.

சுவிட்சைப் போட்டாள். ஒரே ஒரு பீப். திரையில் நம்பர் கடகடவென்று ஏறியது. முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பன்னீர்செல்வம் கிட்டே வந்து, “ஏம்மா, இதுல யார் யார் தறிக்கு எந்தக் கலர் பாவு நூல் போச்சுன்னு கேட்டா சொல்லுமா?” என்றார். கேட்ட குரலிலேயே மெட்ராஸ்காரன் கதை முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு பொத்தானை அமுக்கினால் வேகமாக ஓடுகிறது, இன்னொரு தரம் அமுக்கினால் நிதானமாக ஓடுகிறது. அந்தப் பொத்தானை முதலாளி இன்றைக்கும் போகும்போதும் வரும்போதும் அமுக்கிப் பார்க்கிறாராம்.

இப்போது அது பாதி ஞாபகத்தில் ஓடுகிறது. வேலை நடக்கிறது. ஆனால் முழுக் கடையையும் அதில் ஏற்ற வேண்டுமானால் கெட்ட சில்லுகளுக்கு மாற்று வேண்டும். தப்பு நம்ம பேர்ல, நாளைக்கு நம்ம ஆள் மெட்ராஸ் போறான், அந்தச் சில்லு அங்கே கிடைக்காதா, சீட்டில் எழுதிக் கொடு என்று முதலாளி கேட்டார். அங்கே கிடைக்கும். அது எனக்கே தெரியும். சகாயம், “வேணாம் முதலாளி. அண்ணன் அனுப்புன போர்டு. அண்ணனையே கேட்டுக்கறேன்” என்றாள்.

இதைச் சொன்னதும் பேனா நின்றுவிட்டது. மை தீரவில்லை, நான் பார்த்தேன். கொஞ்சம் பொறுத்து எழுதட்டும்.

மகனே, எனக்கு எழுத்துத் தெரியாது. நீ அந்தப் பார்சலில் கடுதாசி வைத்திருந்தாலும் என்னால் படித்திருக்க முடியாது. ஆனால் நூற்றுக்கணக்கான போர்டுகள் வந்து போகிற இடத்தில் நிற்கிறவன், தங்கைக்கு என்று ஒன்றைப் பொறுக்கி எடுத்து, கவருக்குள் கவர் போட்டு, நான்கு மூலைக்கும் பஞ்சு வைத்து அனுப்பியதை நான் கையால் தடவிப் பார்த்தேன். அது போதும் எனக்கு. இவளுக்கும் அது போதும் என்று நீ நினைத்துவிடாதே. இவள் தேடியது கடுதாசியை.

தவக்காலம் முடிந்து பாஸ்குத் திருவிழா வருகிறது. மருமகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. சில்லை மாற்றப் பத்து நிமிஷம் ஆகுமாம். நீ எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம். உன் அம்மா மீனுக்கு இப்போதே சொல்லி வைத்துவிட்டாள். உங்கள் மூவரையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. வழியில் ஒரு குறையும் வராமல் மாதா துணை நிற்பாளாக.

காகிதத்தில் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறதாம். நான் எழுந்து உன் அம்மாவின் காலுக்குத் தைலம் போடப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
பெரியநாயகம்
(இடது பெருவிரல் ரேகை)

அண்ணா,

சில்லின் மேல் 41256 என்று இருக்க வேண்டும். வேறு கம்பெனியாக இருந்தாலும் பரவாயில்லை. அதே கறுப்புக் கவரில் வை. கிடைக்காவிட்டால் சில்லு இல்லாமலே வா. இந்தத் தடவை டிரைவரிடம் கொடுத்துவிடாதே. பாஸ்குவுக்கு முந்தின பெரிய சனிக்கிழமை எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று எழுத வேண்டாம், நான் காலையிலிருந்தே பஸ் ஸ்டாண்டில் இருப்பேன்.

சகாயம்