மேஸ்திரி வாசித்த அத்தியாயம்

ஆடி 14, வெள்ளி.

என் முதல் நாவல் அச்சாகி வந்து எட்டு நாள்தான் ஆகிறது. நான் குமாஸ்தாவாக இருக்கும் தோல் கிடங்கில் கூலியாள் முனுசாமியை மேஸ்திரி வாரால் விளாசியதைப் பார்த்த ஆத்திரத்தில் எழுதியது. பெயர்களை மட்டும் மாற்றியிருந்தேன்.

இன்று ஆட்கள் கூழ் குடிக்கிற நேரத்தில் அதே மேஸ்திரி புத்தகத்தோடு வந்தான். அடிக்கிற அத்தியாயத்தை உரக்க வாசித்தான்.

"கேட்டுக்கினீங்களாடா? நம்ம குமாஸ்தா என்னைத்தான் எழுதிக்கீறாரு!"

வெட்கங்கெட்ட பயல்! எல்லாரும் சிரித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத முனுசாமியும் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சிரித்தான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"அடுத்த புக்குல என் பேரையே போட்ருங்க சார்" என்றான் மேஸ்திரி.

நாவலில் பக்கம் பக்கமாகக் கொதித்த நான் சொன்னது இதுதான்: "ஆகட்டும் மேஸ்திரி."