கம்பத்துக் குடித்தனம்

மே 8
ஒன்பது வருடமாகப் பறவைகள் கூடு வைக்கட்டும் என்று கம்பத்தில் சுரைக்குடுக்கைகளைக் கட்டிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று ஒரு ஜோடி தகைவிலான் குருவி குடிவந்துவிட்டது! "நம்ம கல்யாணத்தன்னைக்குக்கூட நீ இப்படிச் சிரிக்கல" என்கிறார் என் வீட்டுக்காரர் மெர்ல். வயிற்றெரிச்சல்.

மே 28
கயிற்றைத் தளர்த்திக் குடுக்கைகளை இறக்கிப் பார்த்தேன். நான்கு வெள்ளை முட்டைகள்! அடுத்த குடுக்கையில் ஒரு சிட்டுக்குருவி வைக்கோலைத் திணித்து வைத்திருந்தது. ஓசியில் இடம் பிடிக்க வந்துட்டான். வாரி எறிந்தேன்.

மே 29
பாவி. நான்கு முட்டையையும் கொத்தி ஓட்டை போட்டுவிட்டது. தன் கூடு போன ஆத்திரத்தைப் பக்கத்து வீட்டில் காட்டியிருக்கிறது. ஆண் சிட்டைப் பிடிக்காமல் கூட்டை மட்டும் கலைக்காதே என்று பறவைச் சங்கத்தில் படித்துப் படித்துச் சொன்னார்கள். கேட்டேனா நான்?

ஜூன் 14
தகைவிலான்கள் போகவில்லை. மறுபடி ஐந்து முட்டை! அந்தச் சிட்டும் போகவில்லை; கம்பத்து உச்சியில் உட்கார்ந்து கத்துகிறது. பொறி வைத்தேன், சீண்டக்கூட இல்லை. போதாக்குறைக்கு மேப்பிள் மரத்தில் ஒரு வல்லூறு. பார்த்தபோதெல்லாம் வாணலியைத் தட்டி விரட்டுகிறேன்.

ஜூன் 18
ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஜன்னலில் வல்லூறு பாய்வது தெரிந்தது. கையெல்லாம் மாவு — ஓடிப் போவதற்குள் புல்லில் இறகுகள். ஐயோ, எந்தத் தகைவிலான் போச்சோ! குனிந்து பார்த்தால் பழுப்பு இறகு. மேலே தகைவிலான்கள் இரண்டும் வட்டமடிக்கின்றன. போனது சிட்டு!

மெர்ல் விழுந்து விழுந்து சிரித்தார். "இத்தனை நாளா வல்லூறை விரட்டி விரட்டி, அந்தச் சிட்டுக்கு நீதான்டி காவல் காத்திருக்க!"

அசடு வழிய நின்றேன். ஆனாலும் மனம் நிறைந்திருந்தது. ரொட்டி கருகிப்போனதைக்கூட யாரும் பேசவில்லை.

ஜூன் 30
ஐந்தும் குஞ்சு பொரித்துவிட்டன.

ஜூலை 28
குஞ்சுகள் பறந்தன. நான்கு வானத்துக்குப் போய்விட்டன. ஐந்தாவதை வேலி தாண்டும்முன் வல்லூறு அடித்துக்கொண்டு போனது. அழுதேன். "வேணும்னா நான் போய் விரட்டவா?" என்றார் மெர்ல், கேலி இல்லாமல்.

வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

ஆகஸ்ட் 3
இந்த வருடம் எத்தனை குஞ்சு வளர்ந்தது என்று சங்கத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். 'தகைவிலான் — நான்கு' என்று எழுதிவிட்டு ஜன்னல் வழியே மேப்பிளைப் பார்த்தேன். கிளையில் வல்லூற்றின் பிள்ளைகள், கொழுகொழுவென்று, இரை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தன. படிவத்தின் கட்டத்துக்கு வெளியே, சின்ன எழுத்தில், 'வல்லூறு — மூன்று' என்றும் எழுதினேன்.