சம்மனோடு வந்த பட்டியல்

3ஆம் தேதி, செவ்வாய்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. உன் போன் நான்கு மாதமாக அணைந்தே கிடக்கிறது. அதனால் நீ கடைசியாகச் சொன்ன அறை முகவரிக்கே இதைப் போடுகிறேன்.

என் பெயருக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது.

பத்து நாளைக்கு முன், கண்ணாடிக் கடையில் வழக்கம்போல் பின்பக்கம் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் உள்ளே வந்தார். அப்பா பெயரையும் சேர்த்து என் முழுப் பெயரைச் சொல்லி, "இருக்காங்களா?" என்று கேட்டார். கையில் முத்திரை போட்ட உறை. கடை நிறைய ஆட்கள். எனக்கு என்ன வந்ததோ, எழுந்து நின்று, "அவங்க இன்னிக்கு லீவு" என்றேன். என்னைப் பற்றி என் வாயாலேயே சொன்னேன், தம்பி. கல்லாவில் இருந்தவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமா சார், ரெண்டு நாளா வரல" என்று அவளும் கூடச் சேர்ந்து பொய் சொன்னாள். அவர் போன பிறகு இரண்டு லென்ஸை உடைத்தேன்.

அவர் நேரே வீட்டுக்குப் போயிருக்கிறார். வீட்டில் என் மாமனார் மட்டும்தான். அவருடைய மூக்குக்கண்ணாடியோ லென்ஸ் மாற்ற என் மேசையில் கிடக்கிறது. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாயங்காலம் நான் வந்ததும், "உனக்கு ஏதோ வந்திருக்கும்மா, நல்ல கெட்டிப் பேப்பர், கல்யாணப் பத்திரிகையா இருக்கும்" என்று நீட்டினார். சிரித்தேன். சிரித்துக்கொண்டே போய் அலமாரியில் துணிகளுக்கு அடியில் செருகினேன்.

ஆறு நாள் பிரிக்கவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டது என்று நினைக்குமாம், அந்தக் கதைதான். படியில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டேன். சின்னவள் பள்ளிக்கூடப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டாள், அப்பாவிடம் கேள் என்று அனுப்பிவிட்டேன். ஏழாம் நாள் கடையின் கழிவறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பிரித்தேன். முதல் பக்கத்தில் நான் 'பிரதிவாதி'. கிரெடிட் கார்டில் வாங்கிய கடனைக் கட்டவில்லையாம். என் பதினான்கு மாதச் சம்பளம் அளவுக்குத் தொகை. 19ஆம் தேதி காலை நேரில் வர வேண்டும், வராவிட்டால் நான் இல்லாமலே தீர்ப்பாகுமாம். அதற்குப் பின்னால் பொடி எழுத்தில் நான்கைந்து பக்கங்கள். படிக்கத் தெம்பில்லை.

அந்தக் கார்டை நான் ஒருநாளும் தொட்டதில்லை என்பது உனக்குத் தெரியும். வங்கிக்காரர் கடைக்கு வந்து எல்லாருக்கும் கொடுத்தார், நானும் வாங்கி வைத்தேன். போன் நம்பர் கேட்ட இடத்தில் நீதான் உன் நம்பரை எழுதிக் கொடுத்தாய், அதனால் எனக்கு ஒரு தகவலும் வந்ததில்லை. அத்தானோடு சண்டை போட்டுக்கொண்டு நீ கிளம்பிப் போன அன்றைக்கே, அது இருந்த இடம் காலியாக இருந்ததைப் பார்த்துவிட்டேன். அவரிடம் மூச்சு விடவில்லை. எடுத்தவன் வைத்துவிடுவான் என்று இருந்தேன்.

இப்போது அவரிடம் எந்த முகத்தோடு சொல்வேன்? 19ஆம் தேதிக்குள் ஒரு வழி சொல். திட்ட மாட்டேன். அங்கே போய் நின்று நான் என்ன சொல்ல வேண்டும், அதை மட்டும் எழுது.

பயத்துடன்,
உன் அக்கா


20ஆம் தேதி, வெள்ளி

என் தம்பிக்கு,

முந்தைய கடிதம் உனக்குக் கிடைக்கவில்லை. 'இந்த முகவரியில் இல்லை' என்று எழுதித் திரும்பி வந்தது. வந்தது அத்தான் கைக்கு.

அவர் பிரித்துப் படித்திருக்கிறார். எனக்குத் தெரியாது. ராத்திரி சாப்பிட்டு எழுந்தார். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, முதுகைக் காட்டியபடியே, "பத்தொம்பதாம் தேதி எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். "பத்தரைக்கு" என்றேன். "பணிமனையில லீவு சொல்லிடுறேன்" என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. அன்று ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை.

நேற்றுப் போனோம். நீளமான நடைக்கூடம், சுவரோரம் பெஞ்சுகள், ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் யாரோ ஒருவர் பெயரைக் கூப்பிடுகிறார்கள். ஓர் ஓரத்தில் மேசை போட்டு, வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்கு இலவசமாக உதவுகிறார்கள். அங்கிருந்த வக்கீலம்மா என்னைவிட வயதில் இளையவள். காகிதங்களைப் புரட்டிவிட்டு, "கார்டு உங்ககிட்டயே இருந்துச்சா, இல்ல வேற யாராச்சும் எடுத்துட்டாங்களா? எடுத்திருந்தா போலீஸ்ல ஒரு புகார் குடுங்க. கேஸ் வேற மாதிரி போகும்" என்றாள். அத்தான் என் முகத்தையே பார்த்தார். நான் காகிதத்தையே பார்த்தேன்.

அவளே அந்தப் பொடி எழுத்துப் பக்கங்களை எடுத்து மேசையில் பரப்பினாள். எந்தத் தேதியில் எந்த இடத்தில் கார்டைத் தேய்த்தார்கள் என்ற பட்டியல். எங்களுடையது இல்லாததைக் குறிக்கச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தாள்.

முதலில் ரயில் டிக்கெட். பிறகு ஒரு மெத்தை, ஒரு ஜோடி ஷூ, குளிருக்கு ஒரு சட்டை. பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். அதற்கப்புறம் ஒரு மருந்துக்கடை. மறுவாரம் அதே மருந்துக்கடை. ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். ஸ்கேன். பிறகு ஓர் ஆஸ்பத்திரி. அந்த ஒரே ஆஸ்பத்திரிப் பெயர் பதினோரு முறை. அத்தான் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக்கொண்டே வந்தார். பிப்ரவரி நான்காம் தேதியில் விரல் நின்றுவிட்டது. கீழே ஒன்றுமில்லை. உன் போன் அணைந்ததும் அந்த வாரம்தான்.

கார்டை நிறுத்திவிட்டார்களா என்று கேட்டேன். "இல்லம்மா, அவங்க நிறுத்தினது ஒரு மாசம் கழிச்சுத்தான்" என்றாள் வக்கீலம்மா.

அந்த நேரத்தில் கோர்ட்டு, தொகை, வேலை, மானம், எல்லாப் பயமும் என்னைவிட்டுப் போய்விட்டது, தம்பி. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அதன் பெயரை எழுத மாட்டேன்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். "என் தம்பிதான் செலவு பண்ணான். நான்தான் குடுத்தேன்" என்றேன். அத்தான், "ரெண்டு பேரும் சேர்ந்துதான் குடுத்தோம்" என்றார்.

உள்ளே ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மாதாமாதம் கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம், வங்கித் தரப்பில் வட்டியில் பாதியைத் தள்ளினார்கள். கட்டி முடிக்க நான்கு வருடம் ஆகும். ஆகட்டும்.

வெளியே வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். நோயாளிகளைப் பற்றிப் போனில் சொல்ல மாட்டார்களாம், அடையாள அட்டையோடு நேரில் வர வேண்டுமாம். இரண்டு பேர் போக இப்போது கையில் காசில்லை. "நான் போறேன்" என்றார் அத்தான். பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது, "உடம்பு முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமே. நான் என்ன அவ்வளவு கெட்டவனா?" என்று என்னைக் கேட்டார்.

இன்று மாலை ரயிலில் கிளம்புகிறார். இந்தக் கடிதம் அவர் சட்டைப் பையில் வருகிறது. சின்னவள் மாமாவுக்கு என்று ஒரு படம் வரைந்து கூடவே மடித்து வைத்திருக்கிறாள்.

அவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே. ஊருக்கே கேட்கிற மாதிரி திட்டுவார், அதற்குத்தான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வருவார். திட்டி முடித்ததும் கூட்டிக்கொண்டு வருவார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கேட்டுக்கொள். மனிதர் அவ்வளவு தூரம் வந்து, திட்ட ஆளில்லாமல் திரும்பக் கூடாது.

இரு, தம்பி. நூறு வயது இரு.

உன் அக்கா