முத்திரை விழுந்த தாள்

பெய்ஜிங்
14 ஜூன் 2007

அன்புள்ள லியாங்,

நான் அரசாங்கச் செலவில் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் போய்வந்தேன் என்றும், வயதானதும் மனம் இளகிவிட்டது என்றும் உங்கள் ஊர்ச் சீனர்கள் பேசிக்கொள்கிறார்களாம். தவறு. நான் போகவில்லை, கொண்டு போனார்கள். எண்பத்தொன்பது மாணவர் போராட்டத்தில் உன் அண்ணன் ஹாவ்ரான் சுடப்பட்ட நாள் நெருங்கினால் போதும், அவன் விழுந்த பாலத்தடியில் நான் பூ வைத்துவிடக் கூடாது என்று வருஷா வருஷம் என்னை ஊரை விட்டு அப்புறப்படுத்துகிறார்கள். எழுபத்தைந்து வயதுக் கிழவியின் கையிலிருக்கும் பூவைப் பார்த்து, பதினெட்டு வருஷமாகியும் பயம் தெளியவில்லை.

இந்த முறை வந்தவள் மியாவ் என்ற இளம் போலீஸ்காரி.

"அத்தை, கடல் காத்து ஒடம்புக்கு நல்லது. ஆறே நாள்தான்."

"அவ்வளவு நல்லதுன்னா உங்கம்மாவக் கூட்டிட்டுப் போ."

"எங்கம்மாவ யாரு கேட்டா? உங்களுக்குத்தானே கார் வந்திருக்கு!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை யாரோ பார்த்திருக்க வேண்டும். மீதிக் கதையை அவர்களே கட்டிக்கொண்டார்கள். கேட்பவர்களிடம் திருத்திச் சொல்.

உன் போன கடிதம் அரைப் பக்கம்தான் இருந்தது. நான் படித்த தியான்ஜின் கன்னியர் மடத்துப் பள்ளியில் அப்படி எழுதினால் சாப்பாடு கிடையாது. இருமல் நின்றதா?

உன் அம்மா,
கோங் வான்ரூ


வான்கூவர்
2 ஜூலை 2007

அன்புள்ள அம்மாவுக்கு,

இருமல் நின்றுவிட்டது. இந்தக் கடிதம் நீளமாகவே இருக்கும். ஆனால் உங்களுக்குப் பிடிக்காது.

அந்த வதந்தியை நானும் நம்பினேன். நம்பியதோடு, சந்தோஷப்பட்டேன். காரணம் சொல்கிறேன். மே மாதம் இங்குள்ள சீனத் தூதரகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். பதினேழு வருஷமாக விசா மறுத்தவர்கள், அப்பாவின் சாவுக்குக்கூட விடாதவர்கள், தேநீர் கொடுத்து உட்காரவைத்தார்கள். ஹாவ்ரான் விபத்தில் இறந்தான் என்று நீங்கள் ஒரு படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் நான் ஊருக்கு வரலாமாம். நீங்கள் கடற்கரைக்குப் போனதாகக் கேட்டதும், போட்டுவிட்டீர்கள் என்று நினைத்தேன். அன்றே பெட்டி வாங்கினேன்.

அது ஒரு காகிதம்தானே, அம்மா? ஏதோ ஒரு அலமாரியில் கிடக்கும். யார் படிக்கப் போகிறார்கள்? அவன் விழுந்தபோது பக்கத்தில் இருந்தவன் நான். எனக்குக் கசக்காதா? ஆனால் அவன் வரப்போவதில்லை. நான் வரலாம். உங்கள் இதயத்தைப் பற்றி டாக்டர் சொன்னதை நீங்கள் மறைத்தாலும் எனக்குத் தெரியும். உங்கள் கையால் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

உங்கள் மகன்,
லியாங்


பெய்ஜிங்
9 ஆகஸ்ட் 2007

அன்புள்ள லியாங்,

இந்தக் கடிதம் தபாலில் வரவில்லை. என்னோடு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஓயாங் அம்மாள் தன் மகளைப் பார்க்க உங்கள் ஊருக்கு வருகிறாள். அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். உள்ளே இன்னொரு தாளும் இருக்கிறது. முதலில் அதைப் படி. பிறகு இதைத் தொடர்.

படித்தாயா? சரி.

உன் கடிதம் வந்தபின் ஒரு வாரம் யோசித்தேன். உன் கட்டிலுக்கு விரிப்பு துவைத்து இஸ்திரிகூடப் போட்டேன். அந்த அளவுக்கு ஆசை எனக்கும் இருந்தது. பிறகு மியாவைக் கூப்பிட்டு, படிவத்தைக் கொண்டுவரச் சொன்னேன். மூன்று படிகள். யாரும் கட்டாயப்படுத்தியதாகப் பின்னால் பேச்சு வரக் கூடாது என்பதால், சாவின் காரணத்தைக் குடும்பத்தார் தம் கைப்படவே எழுத வேண்டுமாம்.

"அத்தை, 'விபத்து'ன்னு மட்டும் போடுங்க. அஞ்சு நிமிஷ வேலை."

"நீ கொஞ்சம் தள்ளி உக்காரு. பக்கத்துல ஆள் இருந்தா எனக்குக் கை ஓடாது."

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பீச் பழம் தின்றாள். நான் மூன்றிலும் எழுதினேன்: 'கையில் ஆயுதமில்லாமல் நின்றவனை ராணுவம் சுட்டது. குண்டு முதுகில் நுழைந்தது. வயது இருபத்திரண்டு.' கட்டைவிரலைச் சிவப்பு மையில் தோய்த்து அழுத்தி, தாள்களை மடித்துக் கொடுத்தேன்.

மியாவ் பிரித்துப் பார்க்கவில்லை. நாங்கள் இருவரும் வட்டார அலுவலகத்துக்குப் போனபோது மணி பதினொன்று இருபது. உணவுக்கூடத்தில் வரிசை நிற்க ஆரம்பித்துவிட்டது. அங்குள்ள எழுத்தர்கள் எதையும் படிப்பதில்லை. ரேகை கட்டத்துக்கு வெளியே போயிருந்தால்தான் அவர்களுக்கு வசவு விழும்.

"அடேயப்பா, கட்டத்துக்குள்ள என்ன அழகா விழுந்திருக்கு! எல்லாரும் அத்தை மாதிரி இருந்தா எனக்கேன் தலைவலி?" என்று சொல்லி அவர்களில் ஒருவன் மூன்றிலும் வட்ட முத்திரை குத்தினான். விதிப்படி ஒரு படி குடும்பத்துக்கு.

மறுநாள் காலையில் மியாவ் வெளிறிப் போய் வந்தாள்.

"அத்தை, அந்தப் படியக் குடுத்துடுங்க. உங்கள எவ்வளவு நல்லாப் பாத்துக்கிட்டேன்! எனக்குப் போய் இப்படிப் பண்ணலாமா?"

"நல்லாத்தான் பாத்துக்கிட்ட. இல்லேங்கல. அதுக்காக எம்பையன எப்படிம்மா பொய்யாக்க முடியும்?"

இரண்டு தடவை வீட்டைப் புரட்டிப் போட்டார்கள். மாவு டப்பாவில்கூடக் கை விட்டார்கள். தாள் முதல் நாளே ஓயாங் அம்மாள் வீட்டுக்குப் போய்விட்டது. பூ கேட்டால் புல்லும் கொடுக்காதவர்கள், ஹாவ்ரானைச் சுட்டதாகத் தங்கள் முத்திரையோடு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பத்திரமாக வை.

உன் விசா இனி இல்லை. அந்தக் கதவை உன்னைக் கேட்காமல் நான்தான் சாத்தினேன். உனக்கு வலிக்கும், எனக்கும் வலிக்கிறது. ஆனால் நாளையே இன்னொரு படிவம் கொடுத்தாலும் இதைத்தான் எழுதுவேன்.

இனி உன் முறை. பிள்ளைகளை இழந்த தாய்மார்கள் இங்கே இறந்தவர்களின் பட்டியல் ஒன்றைச் சேர்த்து வருகிறோம். ஒவ்வொரு பெயருக்கும் கண்ணால் கண்டவரின் சாட்சி வேண்டும். ஹாவ்ரானின் இடம் மட்டும் காலியாக இருக்கிறது, நீ எழுதாததால். தொலைபேசியில் நீ அழ ஆரம்பிப்பாய், நான் பேச்சை மாற்றிவிடுவேன். இப்படியே பதினெட்டு வருஷம் போய்விட்டது. இனி மாற்ற மாட்டேன்.

அப்போது மணி என்ன, பாலத்தின் எந்தப் பக்கம், கடைசியாக என்ன சொன்னான், யார் தூக்கினார்கள், எவ்வளவு நேரம் உயிர் இருந்தது என்று ஒன்றையும் விடாமல் எழுதி, உன் முழுப் பெயரில் கையெழுத்திடு. என் மேல் கோபமிருந்தால் அதைத் தனித் தாளில் எழுது, அதையும் படிப்பேன்.

ஓயாங் அம்மாள் செப்டம்பர் இருபதாம் தேதி திரும்புகிறாள். தொலைபேசி வேண்டாம். அவள் கையில் எழுத்தில் பதில் கொடுத்தனுப்பு.

அம்மா,
கோங் வான்ரூ